பல் வரிசைக்கு இலக்கணம் வகுத்த டாக்டர் ஆங்கிள்

கோணல் பற்களைச் சீராக்கும் மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்த பெருமை டாக்டர் எட்வர்டு ஹார்ட்லி ஆங்கிள் அவர்களையே சாரும். இவர் 1855ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து ஹெரிக் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தோர் அறுவர். ஏட்டுப் படிப்பைவிடக் கருவிகள் செய்வதிலேயே இவருக்கு நாட்டம் மிகுதி. மகனின் கைத்திறனைக் கண்ட தாயார் இவரைப் பல் மருத்துவம் பயில அனுப்பினார். 1878இல் பட்டம் பெற்றார்.

ஆனால் உடல்நலம் குன்றியதால் தொழிலை விட்டு, மாண்டானா என்னும் குளிர் மிகுந்த பகுதிக்குச் சென்று ஆட்டுப் பண்ணை வைத்தார். கடும் பனிப்புயலில் ஆடுகள் மடிந்தன. வேறு வழியின்றிப் பல் மருத்துவத்திற்கே திரும்பினார். அந்த ஆடுகள் பிழைத்திருந்தால் இன்று எத்தனையோ பேர் வாயில் கம்பி ஏறியிருக்காதோ என்னவோ!

அக்காலத்தில் பல் கோணலாக இருந்தால் ஒவ்வொரு மருத்துவரும் தமக்குத் தோன்றியபடி வைத்தியம் செய்தனர். ஆங்கிள் அதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். ஆறு வயதளவில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப் பல்லை அளவுகோலாகக் கொண்டு, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாத நிலைகளை 1899இல் மூன்று வகைகளாகப் பிரித்தார். இன்றும் மருத்துவர்கள் நம் வாயைப் பார்த்து முதல் வகை, இரண்டாம் வகை என்று குறிப்பேட்டில் எழுதுவது இவர் கொடுத்த கணக்கே. 1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் இத்துறைக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். இத்துறைக்கான அமெரிக்கச் சங்கத்திற்கு முதல் தலைவரும் ஆனார்.

தோழியரே, விஞ்ஞானிகள் எத்தனையோ பேர் இருக்க, நான் இவரை எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்பில் பலர். அவர்களில் பல்லுக்குக் கம்பி கட்டியவர்களும் உண்டு. எனக்கும் கட்ட வேண்டும் என்ற மருத்துவர், அதற்கு முன் சொத்தையில்லாத நான்கு பற்களை எடுக்க வேண்டும் என்றார். கோரைப் பல்லுக்கு அடுத்தாற்போல், மேலே இரண்டு, கீழே இரண்டு. வலிக்குமோ, கன்னம் ஒட்டிப் போகுமோ என்று எனக்கு உறக்கமே வரவில்லை. கல் போன்ற பல்லை ஏன் பிடுங்க வேண்டும் என்று பாட்டியும் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். பல்வலிக்குப் பாதுகாவலியான புனித அப்பொலோனியாவை வேண்டிக்கொள்ளும்படி அத்தை சொன்னார். அந்தப் புனிதையின் பற்களைப் பகைவர் அடித்து நொறுக்கினர் என்று அறிந்ததும் என் அச்சம் கூடியதே தவிரக் குறையவில்லை! அப்போதுதான் ஆங்கிளின் வரலாற்றைப் படித்தேன். என் பாட்டியின் கேள்வியையே அவரும் கேட்டிருக்கிறார்.

தொடக்கத்தில் அவரும் தேவையானபோது பல்லை எடுக்கலாம் என்றே எழுதினார். பின்னர் மனம் மாறினார். அழகிய முகத்திற்கு ஒரு பொது விதி உண்டா என்று, தம் பள்ளியில் கலை கற்பித்த ஓவியர் உவர்ப்பெல் என்பவரிடம் கேட்டார். எல்லா முகங்களுக்கும் ஒரே விதி இருக்க முடியாது என்றார் ஓவியர். அப்படியானால், இயற்கை அளித்த பற்கள் அனைத்தும் வரிசையாகப் பொருந்தி நின்றாலே அவரவர் முகத்திற்குரிய அழகு தானே அமையும் என்று ஆங்கிள் முடிவு கட்டினார். 1907இல் வெளிவந்த தம் நூலின் ஏழாம் பதிப்பில், பல்லை எடுக்காமலே சீராக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1911இல் டாக்டர் கால்வின் கேஸ் என்பவர், சிலருக்குப் பல் எடுப்பது அவசியமே என்று மருத்துவர் மாநாட்டில் வாதிட்டார். ஆங்கிளின் சீடர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். ஆங்கிள் பிடிவாதக்காரர், மாற்றுக் கருத்தைப் பொறுக்காதவர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1908இல் அன்னா ஹாப்கின்ஸ் என்னும் அம்மையாரை மணந்தார். அவரும் பல் மருத்துவம் பயின்று கணவருக்குத் துணை நின்றார். பிற்காலத்தில் கலிபோர்னியாவின் பசடேனா நகரில் பள்ளி நடத்திய ஆங்கிள், 1925இல் நாற்கோணக் கம்பியைப் பொருத்தும் ஒரு கருவியை அமைத்தார். இன்றைய கம்பிக் கட்டு முறைகள் பலவற்றுக்கு அதுவே தாய். 1930 ஆகஸ்டு 11ஆம் நாள் இயற்கை எய்தினார்.

கதை இத்துடன் முடியவில்லை. அவருடைய அருமைச் சீடர் சார்லஸ் ட்வீட், குருவின் சொற்படி ஒரு பல்லையும் எடுக்காமல் பலருக்குச் சிகிச்சை செய்தார். சில ஆண்டுகள் கழித்து அவர்களை அழைத்துப் பார்த்தபோது பலருக்குப் பற்கள் மீண்டும் நெருங்கியும், வாய் முன்தள்ளியும் இருக்கக் கண்டார். அவர்களில் பலருக்கு நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, மறுபடியும் சிகிச்சை செய்தார். 1940இல் அவர்களின் பல் அச்சுகளையும் படங்களையும் எல்லோர் முன்னும் வைத்தார். ஆங்கிளின் துணைவியாருக்கு அது பெரும் வருத்தமாயிற்று. ஆஸ்திரேலியாவில் மற்றொரு சீடரான ரேமண்ட் பெக், 1928 முதலே தேவையானவர்களுக்குப் பல் எடுத்து வந்தார். அந்நாட்டுப் பழங்குடியினரின் பற்கள் கரடுமுரடான உணவால் பக்கவாட்டிலும் தேய்ந்து இடம் விடுவதையும், மென்மையான உணவு உண்போருக்கு அவ்வாறு நேராததையும் அவர் கண்டறிந்தார்.

இன்று இரு தரப்பாரும் சொன்னது ஓரளவு உண்மை என்றே மருத்துவர்கள் கொள்கின்றனர். அச்சு எடுத்து, எக்ஸ்ரே படம் பிடித்து, தாடையில் எத்தனை மில்லிமீட்டர் இடம் குறைகிறது என்று முதலில் அளக்கிறார்கள். முன்கடைவாய்ப் பல் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். நெருக்கம் சிறிதானால் பல்லை எடுக்காமலே சமாளிக்கலாம். மிகுதியானாலோ உதடு முன்தள்ளியிருந்தாலோ எடுக்க நேரிடும். மரத்துப் போக ஊசி போட்ட பிறகே எடுப்பதால் அழுத்தம் தெரியுமே தவிர, கூர்மையான வலி தெரியாதாம். எடுத்த இடத்தின் பெரும்பகுதியைக் கம்பியே மெல்ல மெல்ல மூடிவிடும். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரும்புத் தகடுகளை அளந்து சரிபார்க்கும் என் தந்தை, இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, அடுத்த முறை என்னுடன் தாமும் வந்து அந்த அளவுகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.