புரதங்களுக்கு ஒரு கருவூலம்

நம் உடல் செல்களால் ஆனது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். செல்லுக்குள் ஓயாமல் வேலை பார்ப்பவை புரதங்கள். புரதம் என்பது மணிமாலை போன்றது. அமினோ அமிலங்கள் என்ற 20 வகை மணிகளைக் கோத்து இந்த மாலை உருவாகிறது. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்ற வரிசையைப் பொறுத்தே அதன் வேலை அமையும்.

இந்த வரிசைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் யார் தெரியுமா? மார்கரெட் டேஹாஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

இவர் 1925-ம் ஆண்டு மார்ச் 11-ம் தேதி பிலடெல்பியாவில் பிறந்தார். கணிதத்தில் பட்டம் பெற்ற பின், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்தார். துளையிட்ட அட்டைகளால் இயங்கும் இயந்திரங்களைக் கொண்டு கடினமான கணக்குகளைப் போட்டு, 1948-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1950-களில் இன்சுலினில் உள்ள 51 மணிகளின் வரிசையை பிரெடரிக் சாங்கர் கண்டறிந்தார். பிறகு மற்ற புரதங்களின் வரிசைகளும் தெரிய வந்தன. ஆனால், அவை வெவ்வேறு ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தன. மார்கரெட்டும் அவரது குழுவினரும் அவற்றைத் திரட்டி, 1965-ல் 65 புரதங்கள் கொண்ட அட்லஸை வெளியிட்டனர். கணினியில் இடம் மிச்சமாக, ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரே ஒரு எழுத்தைச் சூட்டினார் மார்கரெட். கிளைசீனுக்கு 'ஜி', அலனினுக்கு 'ஏ'. இன்றும் உலகம் முழுக்க இந்த முறைதான்!

சேர்த்து வைத்தால் என்ன பயன் என்கிறீர்களா? ஒப்பிட்டுப் பார்க்கலாமே! சைட்டோகுரோம் சி என்ற புரதத்தில் 104 மணிகள். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் அதில் ஒரு மணிகூட மாறவில்லை. குதிரைக்கோ 12 மணிகள் மாறியுள்ளன. யார் நமக்கு நெருங்கிய உறவு என்று புரிகிறதா?

ஆனாலும், சேகரிப்பது ஆராய்ச்சி ஆகாது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. மார்கரெட்டின் தொகுப்பை விலை கொடுத்து வாங்க வேண்டும். பிறருக்குக் கொடுக்கக் கூடாது. வரிசைகள் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் பலர் விரும்பினர். 1982-ல் மரபணு வரிசைகளுக்குப் பொது வங்கி அமைக்கும் பணியை அமெரிக்க அரசு வேறொரு குழுவிடம் ஒப்படைத்தது. போட்டியிட்ட மார்கரெட்டுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 5-ம் தேதி, 57 வயதில் அவர் காலமானார்.

அவரது உழைப்பு வீண்போகவில்லை. அவர் வளர்த்த தொகுப்பும் ஐரோப்பியத் தொகுப்புகளும் 2002-ல் 'யூனிபுராட்' என்ற பெயரில் கைகோத்தன. 65-ல் தொடங்கியது, இன்று கோடிக்கணக்கான வரிசைகளாகப் பெருகிவிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். தவறு கண்டால் சுட்டிக்காட்டலாம். பலர் சேர்ந்து திருத்தித் திருத்தி வளர்க்கும் கருவூலம் இது. நாளை நீங்களும் அதில் ஒரு வரிசையைச் சேர்க்கலாம், சரியா?