கடல் கடந்தவரின் ஊர்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள்களுக்கு ஒவ்வொன்றாக அமைந்தவை என்பது மக்கள் கணக்கு. சில வாரங்களுக்கு முன் அந்தப் படிகளில் ஏறியபோது, இளைப்பாற அமர்ந்த இடத்தில் முதியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பாதி தமிழ், பாதி தெலுங்கு. எல்லையோர ஊருக்கே உரிய பேச்சு. அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறார். நான்கு ஆண்டுகளாக வரவில்லை. வந்துவிட்டால் விசாச் சிக்கலால் மறுபடி போக முடியாமல் ஆகிவிடுமோ என்ற அச்சமாம். மகனைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. அவனுடைய பிறந்த நாளில் ஆண்டுதோறும் படியேறுவதாக மட்டும் சொன்னார்.

மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்தபோது, இதே ஊரில் பிறந்து கடல் கடந்து போய்த் திரும்பத் திரும்ப வந்த ஒருவரின் நினைவு எழுந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை ஆசிரியர் தினத்தன்று மாலையிட்டு வணங்குகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். அவர் வாழ்வில் இன்றைய தலைமுறைக்கு மிகவும் தேவைப்படும் பாடம் ஆசிரியப் பணியில் மட்டும் இல்லை, அவர் போய் வந்த விதத்திலும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1888 செப்டம்பர் 5 அன்று, தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை வீராசாமி ஜமீனில் வருவாய்த்துறைப் பணியில் சிறு பதவி வகித்தவர். சர்வபள்ளி என்பது நெல்லூர்ப் பகுதியில் உள்ள ஒரு கிராமம். முன்னோர் அங்கிருந்து புறப்பட்டு வந்தாலும் ஊரின் பெயரை விட்டுவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பெயருக்கு முன்னால் சுமந்தார்கள். விட்டு வந்த ஊரைப் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் மரபில் பிறந்த பிள்ளை அவர்.

திருத்தணிக்குப் பின் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வாலாஜாபேட்டை, வேலூர் ஊரிசுக் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு நகர்ந்தது. தத்துவத்தை அவர் தேர்ந்தெடுத்தது கூட வறுமையின் கணக்கால்தான். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் பாடநூல்கள் செலவின்றிக் கிடைத்தன. கிறிஸ்தவக் கல்லூரியில் இந்து சமயத்தின் மீது வைக்கப்பட்ட விமர்சனங்கள் அவரைப் புண்படுத்தின. ஆனால், அவர் சினந்து ஒதுங்கவில்லை, தம் மரபை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். வேதாந்தத்தின் அறநெறி பற்றிய அவருடைய ஆய்வேடு 1908-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது.

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918-இல் மைசூர், 1921-இல் கல்கத்தா. மைசூரை விட்டுப் புறப்பட்ட நாளில் மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். ஓர் ஆசிரியர் ஊரை விட்டுப் போவதை இப்படியும் கொண்டாட முடியும் என்பது இன்று நமக்கு வியப்பாக இருக்கிறது.

1926-இல் முதன்முறையாகக் கடல் கடந்தார். இங்கிலாந்தில் பேரரசின் பல்கலைக்கழகங்கள் கூடிய மாநாடு. ஹார்வர்டில் பன்னாட்டுத் தத்துவ மாநாடு. ஆக்ஸ்ஃபோர்டு மான்செஸ்டர் கல்லூரியில் ஆற்றிய உரைகள் அடுத்த ஆண்டு நூலாகி, இந்து வாழ்வியலை மேலை நாட்டாருக்கு எடுத்துச் சொன்னது. அதன் பின் அழைப்புகள் ஓயவில்லை. 1931 முதல் 1936 வரை வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழை நாட்டுச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் ஸ்பால்டிங் பெயரில் பேராசிரியர் பதவி உருவானபோது, அதில் அமர்ந்த முதல்வர் அவரே. அடிமை நாட்டிலிருந்து போன ஒருவர் ஆளும் நாட்டின் தலையாய பல்கலைக்கழகத்தில் தம் மரபைப் பற்றிப் பாடம் நடத்தினார்.

அங்கேயே தங்கிவிட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ ஆண்டின் ஒரு பகுதியை ஆக்ஸ்ஃபோர்டிலும் மறுபகுதியை இந்தியாவிலும் கழிக்க வழி செய்துகொண்டார். கல்கத்தாவின் பேராசிரியர் பதவியையும் 1937-இல் மீண்டும் ஏற்றார். பாய்மரப் படகில் உலகைச் சுற்றுபவர்கள் ஏதேனும் ஓர் அயல்நாட்டுத் துறையில் படகைக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து போவது உண்டு. படகும் அவர்களுடையதுதான், வீடும் அவர்களுடையதுதான். எதையும் விற்றுவிடாமல் இரண்டுக்கும் இடையே போய் வருவார்கள். ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டை அப்படித்தான் வைத்திருந்தார்.

சோதனை 1939-இல் வந்தது. மதன் மோகன் மாளவியா தாம் உருவாக்கிய காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்க அழைத்தார். அதே செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. கடல்வழி ஆபத்தானது. ஆக்ஸ்ஃபோர்டு நாற்காலி காத்திருக்க, அவர் காசியில் இருந்தார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் மாணவர்கள் கிளர்ந்தெழ, ராணுவம் வளாகத்துக்குள் நுழைந்தது. பல்கலைக்கழகத்தைப் போர்க்கால மருத்துவமனை ஆக்கிவிட மாகாண ஆட்சி முனைந்தது. ராதாகிருஷ்ணன் டில்லிக்கு விரைந்து வைஸ்ராயிடம் வாதாடி அதைத் தடுத்தார். பிரிட்டிஷ் அரசின் சர் பட்டம் பெற்றவர், ஆக்ஸ்ஃபோர்டில் பதவி வகித்தவர் என்ற மதிப்பு அந்த நாளில் காசி மாணவர்களுக்குப் பயன்பட்டது. வெளியே ஈட்டிய மதிப்பை வீட்டின் கதவைக் காக்கச் செலவிட்டார் அவர்.

1948 வரை காசியில் இருந்தார். 1949-இல் மாஸ்கோவுக்கான தூதரானார். அப்போதும் ஆக்ஸ்ஃபோர்டை விடவில்லை; தூதர் பணிக்கு நடுவே அங்கே சென்று பாடம் நடத்தினார். 1952-இல் குடியரசின் துணைத் தலைவராக அழைக்கப்பட்டபோதுதான் பதினாறு ஆண்டுகள் வகித்த அந்தப் பதவியிலிருந்து விலகினார். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். பதவிக் காலம் முடிந்ததும் சென்னை மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினார். 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையிலேயே மறைந்தார்.

இந்தப் பெருமைகளின் நிழலில் ஒருவர் நிற்கிறார். இளம் வயதிலேயே அவர் கைப்பிடித்த சிவகாமு. ஐந்து பெண்களையும் ஒரு மகனையும் வளர்த்த அந்த அம்மையார், கணவர் கடல் கடந்து போய் வந்த காலமெல்லாம் காத்திருந்தார். அந்த மகன்தான் வரலாற்று அறிஞர் சர்வபள்ளி கோபால். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தந்தையின் இல்லறத் தவறுகளையும் தாய் பட்ட வேதனையையும் அவர் மறைக்கவில்லை. சிவகாமு 1956-இல் காலமானார். கணவர் நாட்டின் முதல் குடிமகனானதைப் பார்க்கவில்லை. போய் வருபவர்களின் சாதனைக் கணக்கை எழுதும்போது வீட்டில் இருந்தவர்கள் கொடுத்த விலையையும் எழுத வேண்டும் என்பதைக் கோபாலின் நேர்மையிலிருந்து நான் கற்றேன்.

ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பிறந்தபோது திருத்தணி சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காட்டில் இருந்தது. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்துக்குள் போனது. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு பிரிந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார், கே.விநாயகம் போன்றோரின் வடக்கெல்லைப் போராட்டத்தாலும், பின்னர் வந்த படாஸ்கர் பரிந்துரையாலும் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. அப்போது ராதாகிருஷ்ணன் டில்லியில் துணைத் தலைவர். மனிதர் மட்டும் இடம் மாறவில்லை. அவர் ஊரும் அவர் இல்லாதபோது மாநிலம் மாறியது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர், தமிழ்நாட்டு ஊரில் பிறந்தவர், ஆங்கிலத்தில் எழுதியவர், சமஸ்கிருத நூல்களை விளக்கியவர். அவரை ஒற்றை எல்லைக்கோட்டுக்குள் அடைக்க முயல்பவர்கள் தோற்றுப் போவார்கள்.

இன்று வெளிநாடு செல்லும் பிள்ளைகளை நாம் இரண்டே சொற்களால் அளக்கிறோம்: போய்விட்டான், வந்துவிட்டான். போனால் நாட்டை மறந்தவன். வந்தால் அங்கே தோற்றவன். இரண்டுமே அநீதியான தீர்ப்புகள். ராதாகிருஷ்ணனால் போகவும் வரவும் முடிந்ததற்கு அவருடைய மன உறுதி மட்டும் காரணம் அன்று. ஆண்டில் பாதி நாள் இல்லாத பேராசிரியரை ஆக்ஸ்ஃபோர்டு ஏற்றுக்கொண்டது. மறுபாதிக்குக் கல்கத்தா இடம் கொடுத்தது. திரும்பி வந்து செய்யத்தக்க பெரும் பணியை மாளவியா அவர் முன் வைத்தார். கதவு இரு பக்கமும் திறந்திருந்தது.

நம் பல்கலைக்கழகங்கள் இன்று அப்படி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கின்றனவா? அயல்நாட்டில் பணியாற்றும் தமிழ் அறிஞர் ஒருவர் ஆண்டில் நான்கு மாதம் திருவள்ளூரிலோ திருநெல்வேலியிலோ வந்து பாடம் நடத்த விரும்பினால், அவரைச் சிறப்பு விருந்தினராக்கிச் சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல், பணியில் அமர்த்த நம்மிடம் இடம் இருக்க வேண்டும். வெளிநாடுகளும் உழைப்பை வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போய்த் திரும்பும் உரிமையை ஐயத்தில் தொங்கவிடக் கூடாது. போனவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வருவதற்கான வழியைப் போகும்போதே வகுத்துக்கொள்ள வேண்டும். காத்திருப்பவர்களின் வயதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சூரனோடு போரிட்ட சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறும். வெளியே சென்று வென்றவர்களுக்கும் வந்து அமர ஓர் இடம் வேண்டும். படிக்கட்டில் நான் சந்தித்த முதியவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, மீதமிருந்த படிகளை ஏறத் தொடங்கினார். மகனுக்கு மூட்டுவலியைச் சொல்லவில்லை என்றார். அடுத்த பிறந்த நாளுக்கு அவன் துணை வருவான் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்காத ஏற்பாடுகளைச் செய்வதுதான் ராதாகிருஷ்ணனுக்கு அவர் பிறந்த மண் செலுத்தத்தக்க மரியாதை.