கடைமடையை நினைத்த பொறியாளர்

செப்டம்பர் 15-ம் தேதியைப் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறோம். அது விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்த நாள். அவர் பெயரைக் கேட்டதும் உங்களுக்குக் கிருஷ்ணராஜசாகர் நினைவுக்கு வரும். காவிரிப் பாசன விவசாயி என்றால் கொஞ்சம் மனத்தாங்கலும் வரும். ஆனால் அவர் கட்டிய அணைகளைவிட, வாய்க்கால் நீரைப் பங்கிட்ட முறையைத்தான் உழவியல் படித்த நான் பெரிதாக நினைக்கிறேன்.

1861-ல் மைசூர் ராஜ்ஜியத்தின் முத்தேனஹள்ளியில் பிறந்தவர். புனேயில் பொறியியல் படித்து, 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார்.

புனே அருகே உள்ள கடக்வாஸ்லா ஏரிதான் நகருக்குக் குடிநீரும் வயலுக்குப் பாசன நீரும் கொடுத்தது. மழைக்காலத்தில் கலிங்கு வழியே நீர் வழிந்தோடும்; கோடையில் இரண்டுக்கும் தட்டுப்பாடு. அவர் அணையை உயர்த்தவில்லை. 1903-ல் கலிங்கின் மேல் தானியங்கிக் கதவுகளைப் பொருத்தினார். நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் கதவு தானே திறக்கும், வெள்ளம் வடிந்தால் தானே மூடும். அதே ஏரியில் கூடுதல் நீர் நின்றது.

அடுத்தது நீரா வாய்க்கால். தலைமடைக்காரர்கள் கரும்புக்கு இஷ்டம்போல் பாய்ச்சினார்கள். வயலில் நீர் தேங்கி மண் கெட்டது, ஊரோரம் கொசு பெருகியது, கீழே உள்ள ஊர்களுக்கு நீர் போகவில்லை. நம் ஊரிலும் பார்த்ததுதானே! அவர் நல்ல மண்ணுள்ள நிலங்களை ஊர்வாரியாகத் தொகுதிகளாகப் பிரித்தார். ஒரு தொகுதியில் மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே கரும்பு. மீதியில் குறைந்த நீர் கேட்கும் பயிர்கள். கரும்பு நிலம் சுழற்சியில் மாறும். இதனால் நீர் பல ஊர்களுக்குப் பரவும், மண்ணும் ஆறும். முதலில் எதிர்ப்பு வந்தது. விவசாயிகளைக் கூட்டிவைத்து விளக்கினார்.

1908-ல் மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாத்தைச் சூறையாடியது. நிஜாம் அரசு அவரை அழைத்தது. நகருக்கு மேலே வெள்ளத்தைத் தாங்கும் நீர்த்தேக்கங்கள், ஆற்றங்கரையில் பூங்காக்கள், கழிவுநீருக்குத் தனி வழி என்று சேர்த்தே திட்டம் கொடுத்தார். அப்படி வந்த உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் நகருக்குக் குடிநீரும் தந்தன.

1909-ல் மைசூரின் தலைமைப் பொறியாளரானார். சிவசமுத்திரம் மின்நிலையத்துக்குக் கோடையில் நீர் போதவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனதே அங்கிருந்துதான். மண்டியா பக்கத்து மானாவாரி நிலமும் நீருக்குக் காத்திருந்தது. 1911-ல் கிருஷ்ணராஜசாகர் வேலை தொடங்கியது. மறு ஆண்டே திவான் ஆனார்.

சென்னை மாகாணம் ஆட்சேபித்தது. நீரா வாய்க்காலின் கடைசி ஊருக்காக யோசித்தவர், காவிரியின் கடைமடையான தஞ்சைக்காகவும் அதே அளவு யோசித்தாரா? இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஒரு ராஜ்ஜியத்தின் திவானுக்கு அது எளிதும் அல்ல. 1918-ல் அவர் பதவி விலகியபோதும் வழக்கு முடியவில்லை. 1924-ல் ஒப்பந்தம் ஆனது. அதன் பிறகே மேட்டூர் அணை எழுந்து, 1934-ல் முடிந்தது.

1955-ல் பாரத ரத்னா பெற்ற அவர், நூறு வயதைக் கடந்து 1962-ல் மறைந்தார்.