அம்மா எங்கே? : ஜான் பௌல்பியின் கதை



கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரைத் தொட்ட எல்லாருக்கும் அந்தப் படம் மனப்பாடமா இருக்கும். ஒரு சின்ன வட்டம், அதுக்குள்ள பிளஸ், மைனஸ், அவுட்புட்டில் இருந்து வளைஞ்சு திரும்பி வரும் ஒரு கோடு. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி நம்மைத் தூங்க விடாத அதே ஃபீட்பேக் லூப்தான். அந்த லூப்பை வச்சு, ஒரு வயசுக் குழந்தை ஏன் அம்மா காலையே சுத்திச் சுத்தி வருதுன்னு விளக்கின ஒரு மனிதர் இருந்தார். அவர் எஞ்சினியர் இல்லை, லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர். பெயர் ஜான் பௌல்பி. இன்னிக்குக் குழந்தை வளர்ப்பு பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கண்ணில் படுகிற 'அட்டாச்மென்ட் தியரி'யின் தந்தை.

பௌல்பி பிறந்தது 1907 பிப்ரவரி 26-ம் தேதி. அப்பா சர் ஆன்டனி பௌல்பி, அரச குடும்பத்துக்கே அறுவை சிகிச்சை செய்தவர். காசுக்கும் பேருக்கும் குறைவில்லாத வீடு. ஆறு குழந்தைகளில் ஜான் நாலாவது. ஆனா அந்தக் காலத்து ஆங்கிலேய மேட்டுக்குடி வழக்கம் நமக்கு விசித்திரமா இருக்கும். குழந்தைகள் ஆயாக்களிடம்தான் வளரணும். மாலைத் தேநீருக்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம் அம்மாவைப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஜானைத் தூக்கி வளர்த்தது மின்னி என்கிற ஆயா. அவனுக்கு நாலு வயசு இருக்கும்போது அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வீட்டுல அம்மா இருக்காங்க, ஆனா அவனுக்கு அம்மாவா இருந்தவங்க போயிட்டாங்க. பத்து, பதினோரு வயசில் போர்டிங் ஸ்கூல். அங்கிருந்து டார்ட்மத் கடற்படைக் கல்லூரி. ஹாஸ்டல்ல முதல் வாரம் எப்படி இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும். நமக்கு அப்போ பதினெட்டு வயசு, கையில் செல்போனும் இருந்தது.

கடற்படை ஒத்துவரவில்லை. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பும் உளவியலும் படித்தார். அடுத்து நேரா மருத்துவப் பட்டத்துக்குப் போயிருக்கணும். போகாமல், பிரச்சினைக்குரிய பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் சில மாதங்கள் வேலை பார்த்தார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் உண்மையான செமஸ்டர் அதுதான். யாரோடும் ஒட்டாத, திருட்டுப் பழக்கத்தால் பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட ஒரு சிறுவன் அங்கே இருந்தான். அவனுக்கு நிலையான அம்மா என்று யாருமே இருந்ததில்லை. இன்னொரு சின்னப் பையன் நாள் முழுக்க நிழல் மாதிரி இவர் பின்னாலேயே திரிந்தான். இந்த இரண்டு பிள்ளைகளும் பௌல்பி மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள், கடைசி வரை இறங்கவே இல்லை.

பிறகு மருத்துவமும் மனநல மருத்துவமும் முடித்தார். கூடவே உளப்பகுப்பாய்விலும் பயிற்சி எடுத்தார். அதில் அவருக்கு மேற்பார்வையாளராக வாய்த்தவர் மெலனி க்ளைன், அந்தத் துறையின் பெரிய கை. ஒரு மூன்று வயதுப் பையன் பௌல்பியிடம் சிகிச்சைக்கு வந்தான், ஓர் இடத்தில் நிற்காத துறுதுறுப்பு. அவனைக் கூட்டி வரும் அம்மாவோ பார்த்தாலே தெரிகிற அளவு பதற்றத்தில் இருந்தார். அம்மாவிடம் பேசிப் பார்க்கலாமே என்று இவருக்குத் தோன்றியது. கூடாது என்றார் க்ளைன். குழந்தையின் மனசுக்குள் ஓடும் கற்பனைகள்தான் முக்கியம், வெளியில் நடப்பதில்லை என்பது அவர் கட்சி. மூன்று மாதத்தில் அந்த அம்மா மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கேஸ் பாதியில் நின்றதில்தான் க்ளைனுக்கு எரிச்சல். பௌல்பிக்கு அது வயிற்றெரிச்சல். நிஜ வாழ்க்கையில் குழந்தைக்கு என்ன நடந்தது என்று பார்க்காமல் எதைப் பார்ப்பது?

அப்படிப் பார்த்ததன் முதல் விளைச்சல் '44 இளம் திருடர்கள்' ஆய்வு. லண்டன் குழந்தைகள் வழிகாட்டு மருத்துவமனையில் 1936 முதல் 1939 வரை தன்னிடம் வந்த 44 திருட்டுக் குழந்தைகளையும், அதே இடத்துக்கு வந்த, திருடாத 44 குழந்தைகளையும் ஒப்பிட்டார். திருடியவர்களில் 14 பேரை, யாரிடமும் பாசமோ குற்ற உணர்வோ இல்லாதவர்கள் என்று தனியாகப் பிரித்தார். அந்த 14-ல் 12 பேர் மிகச் சிறு வயதில் நீண்ட நாள் தாயைப் பிரிந்தவர்கள். மீதி 30 திருடர்களில் அப்படிப் பிரிந்தவர்கள் 5 பேர், திருடாத 44 பேரில் 2 பேர்தான்.

உடனே கை தட்டாதீங்க. சாம்பிள் சின்னது. குழந்தையைப் பேட்டி கண்டவரும், எந்த வகை என்று முடிவு செய்தவரும் ஒரே ஆள். பிரிவுதான் காரணமா, இல்லை பிரிவுக்குப் பின்னால் இருந்த வறுமையும் சண்டையும் காரணமா என்று இந்த எண்கள் சொல்லாது. நம்ம பிராஜெக்ட் வைவாவில் இதைக் கொண்டுபோனால் எக்ஸ்டர்னல் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். ஆனாலும், எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டிய ஆய்வு இதுதான்.

கட்டுரை 1944-ல் அச்சாவதற்கு முன்பே போர் வந்துவிட்டது. 1939 செப்டம்பர் தொடக்கத்தில் சில நாட்களுக்குள் பிரிட்டன் நகரங்களில் இருந்து சுமார் 15 லட்சம் பேர் கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பாதிக்கும் மேல் பெற்றோர் துணை இல்லாத பள்ளிப் பிள்ளைகள். அந்த டிசம்பரில் பௌல்பி, வின்னிகாட், இமானுவேல் மில்லர் மூவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்குக் கடிதம் எழுதினார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தாயில்லாமல் அனுப்புவது பெரிய மனநலப் பிரச்சினைகளில் முடியலாம் என்ற எச்சரிக்கை அது. குண்டு விழும் நேரத்தில் யாருக்கு இதைக் கேட்க நேரம் இருக்கும்!

போர் முடிந்ததும் டவிஸ்டாக் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவரானார். அதன் பெயரையே குழந்தைகளுக்கும் பெற்றோருக்குமான பிரிவு என்று மாற்றினார். க்ளைனுக்கு மறைமுகப் பதில் என்று வச்சுக்கலாம். 1948-ல் அங்கே வந்து சேர்ந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்தின் உழைக்கும் வர்க்கக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் அன்னா ஃப்ராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்த்துக்கொண்டவர். அங்கே பாய்லர்காரர் உட்பட எல்லா ஊழியரும் குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும். அப்படி எழுதிப் பழகிய கண் அவருக்கு.

அந்தக் காலத்து மருத்துவமனை விதிகளைக் கொஞ்சம் கேளுங்க. சில இடங்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் பெற்றோர் பார்க்கலாம். ஒரு மருத்துவமனையில் முதல் மாதம் பார்க்கவே கூடாது. குழந்தை தூங்கும்போது வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, அதனால் வராமல் இருப்பதே நல்லது. இதுதான் டாக்டர்களின் தர்க்கம். ராபர்ட்சன் வார்டில் உட்கார்ந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. முதலில் குழந்தை கத்தித் தீர்க்கிறது. பிறகு சோர்ந்து முடங்குகிறது. கடைசியில் யார் வந்தாலும் சிரிக்கிறது, அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்த மூன்றாவது கட்டத்தைத்தான் 'செட்டில் ஆயிடுச்சு' என்று வார்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னால் யாரும் நம்பவில்லை. சரி, படம் எடுத்துக் காட்டலாம் என்று ஒரு கைக் கேமராவோடு இறங்கினார். எந்தக் குழந்தை என்பதைக் காத்திருப்போர் பட்டியலில் இருந்து குறிப்பில்லாமல் எடுத்தார்கள். அழும் நேரமாகப் பார்த்து எடுத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் குறித்த நேரத்தில் படம்பிடித்தார், சுவர்க் கடிகாரமும் காட்சியில் தெரியும். சாம்பிளிங் என்றால் என்னவென்று அந்த முன்னாள் பாய்லர்காரரிடம் கத்துக்கணும். வாய்த்தவள் லாரா, இரண்டரை வயசுகூட முழுசா ஆகாத, எட்டு நாள் தங்கப்போகும் தொப்புள் குடலிறக்க நோயாளி. அவள் அதிகம் அழவே இல்லை. சமர்த்துக் குழந்தை. ஆனால் விளையாட்டுக்கு நடுவே திடீரென்று மெல்லிய குரலில் அம்மாவைக் கேட்பாள், அடுத்த நொடி முகத்தைச் சரிசெய்துகொள்வாள். வீட்டுக்குப் போகும் நாளில் அம்மாவின் கையைப் பிடிக்க மறுத்து நடக்கிறாள்.

1952-ல் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் படத்தைத் திரையிட்டபோது டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். தங்கள் தொழிலையே அவமானப்படுத்துகிற படம் என்றார்கள். ஆனால் ஒவ்வொருவராக மாறினார்கள். 1959-ல் பிளாட் குழு அறிக்கை, பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. இன்னிக்குக் குழந்தைகள் வார்டில் கட்டில் பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருப்பதை நாம கவனிப்பதுகூட இல்லை.

இதற்கிடையே உலக சுகாதார நிறுவனம், வீடிழந்த குழந்தைகளின் மனநலம் பற்றி எழுதச் சொல்ல, பிரான்ஸ், நெதர்லாந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா என்று சுற்றி 1951-ல் அறிக்கை கொடுத்தார். உலகப் புகழ் வந்தது, கூடவே வம்பும் வந்தது. தாய் வேலைக்குப் போனாலே குழந்தை கெட்டுவிடும் என்று பலரும் அதைப் படித்தார்கள். பெண்ணியவாதிகள் கடுமையாகச் சாடினார்கள். அவரைத் தவறாகப் படித்தார்கள் என்பது பாதி உண்மை. எழுதிய விதத்தில் அதற்கு இடம் இருந்தது என்பது மீதிப் பாதி. 1972-ல் மைக்கேல் ரட்டர் இதையெல்லாம் பிரித்து மேய்ந்தார். பிரிவு வேறு, பாசப் பிணைப்பே உருவாகாமல் போவது வேறு, வீட்டுச் சண்டை வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது என்று காட்டினார்.

பௌல்பியை வாட்டியது வேறு கேள்வி. குழந்தை அம்மாவிடம் ஒட்டுவது பாலுக்காகத்தான் என்று உளப்பகுப்பாய்வும் சொன்னது, நடத்தைவாதமும் சொன்னது. அப்படியென்றால் லோரன்ஸின் வாத்துக் குஞ்சுகள், தீனி போடாத தாய்க்குப் பின்னாலேயும் ஏன் ஓடுகின்றன? ஹார்லோவின் குரங்குக் குட்டிகள், பால் தரும் கம்பி பொம்மையை விட்டுத் துணி சுற்றிய பொம்மையை ஏன் கட்டிக்கொண்டன? இங்கேதான் நம்ம லூப் வருது. 1969-ல் வந்த 'அட்டாச்மென்ட்' முதல் தொகுதியில் அவர் தெர்மோஸ்டாட்டையும் விமான எதிர்ப்புப் பீரங்கியையும் வைத்துப் பாடம் எடுக்கிறார். குழந்தைக்கு ஒரு செட் பாயின்ட் உண்டு: அம்மாவுக்கும் தனக்கும் நடுவே இருக்கலாம் என்கிற தூரம். அது தாண்டினால் எரர் சிக்னல். அழுகை, தவழல், கை நீட்டல் எல்லாம் எரரைக் குறைக்கும் வழிகள். தூரம் சரியானதும் அது அடங்கி, பொம்மை பக்கம் கவனம் போகிறது. காய்ச்சலோ, இருட்டோ, புது ஆளோ வந்தால் செட் பாயின்ட் சுருங்கிவிடும். அம்மாவுக்குள்ளும் இதே மாதிரி ஒரு லூப். இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடுகின்றன. அன்பை எந்திரமாக்கிவிட்டார் என்று சக பகுப்பாய்வாளர்கள் திட்டினார்கள். எனக்கென்னவோ, அழுகிற குழந்தை அடம்பிடிக்கவில்லை, அதன் சிஸ்டம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று சொன்னதைவிட அன்பான வாக்கியம் அந்தத் துறையில் கிடையாது.

சோதித்துக் காட்டியவர் மேரி எய்ன்ஸ்வொர்த். 1950-ல் விளம்பரம் பார்த்து பௌல்பியிடம் வேலைக்கு வந்தவர், பிறகு உகாண்டாவிலும் பால்டிமோரிலும் வீடு வீடாகப் போய்த் தாயையும் சேயையும் கவனித்தார். அம்மா கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை எப்படி வரவேற்கிறது என்பதைப் பார்க்கும் அவரது இருபது நிமிடச் சோதனை இன்றும் நடக்கிறது.

சொந்த வீட்டுக் கதை ஒன்று உண்டு. பௌல்பிக்கு நாலு பிள்ளைகள். வளர்த்தது பெரும்பாலும் மனைவி அர்சுலா. இருட்டியபின் வீட்டுக்கு வருகிறாரே, வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லையே, அப்பா என்ன திருடரா என்று ஏழு வயது மகன் அம்மாவிடம் கேட்டானாம்.

1973-ல் இரண்டாம் தொகுதி, 1980-ல் மூன்றாவது. மூன்றாவதின் பொருள் இழப்பு. எண்பதைத் தாண்டிய பிறகும் விடவில்லை. சார்லஸ் டார்வினின் வரலாற்றை எழுதினார். டார்வினுக்கு வாழ்நாள் முழுக்கத் தொல்லை கொடுத்த, டாக்டர்களுக்குப் பிடிபடாத நோயின் வேர், எட்டு வயதில் அம்மாவை இழந்தும் அந்தத் துக்கத்தை அழுது தீர்க்க முடியாமல் போனதில் இருக்கலாம் என்பது அவர் வாதம். புத்தகம் 1990-ல் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 2-ம் தேதி, குடும்பத்தோடு கோடை விடுமுறைகளைக் கழித்துவந்த ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பௌல்பி காலமானார். அடக்கமும் அங்கேயேதான்.