இறக்கத்தில் உயிர் தப்பிய டிரைவர் – கிளெஸ்ஸி கம்மின்ஸ்



கம்மின்ஸ் என்றால் நமக்கு ஒரு டீசல் இன்ஜின் பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு உரியவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று தெரிந்ததும் எனக்கு அவர்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. வீராம்பட்டினத்தில் எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1888-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். கொலம்பஸ் என்ற ஊரில் இர்வின் என்னும் பேங்க் முதலாளிக்கு கார் டிரைவராகச் சேர்ந்தார். அந்த முதலாளி கொடுத்த பணத்தில் 1919-ல் இன்ஜின் கம்பெனி தொடங்கினார். பத்து வருஷம் நஷ்டம்தான். 1929 கிறிஸ்துமஸ் அன்று ஒரு பேக்கார்டு காரில் டீசல் இன்ஜினைப் பொருத்தி, முதலாளியையே உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். கம்பெனி பிழைத்தது.

1931-ல் டீசலின் பெருமையைக் காட்ட, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை லாரி ஓட்டிப் போனார். கலிஃபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடேறி, பிடிப்பே இல்லாமல் போச்சு. கீழே ரயில்வே கேட், அதில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கிறது! கடைசிப் பெட்டி கடந்து போனதும் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. நூலிழையில் தப்பினார்கள்.

எங்கள் செங்கழுநீர் அம்மன் தேரை நிறுத்த சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவாங்க. பிரேக்கும் அதே மாதிரி உராய்வில்தான் பிடிக்கிறது. நீண்ட இறக்கத்தில் அந்தச் சூடு ஆறவே நேரம் கிடைக்காது. பெட்ரோல் வண்டியில் கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்தப் பிடிப்பு குறைவு. ஏன்னா, பிஸ்டன் அழுத்திய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும்.

அந்த இறக்கத்தை அவர் மறக்கவில்லை. 1950-களில், கம்பெனியை விட்டு ஓய்வு பெற்ற பிறகு, வழி கண்டுபிடித்தார். காற்று முழுக்க அழுத்தப்பட்டதும் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிட்டால் அது திருப்பித் தள்ளாது. டீசல் வெட்டப்படும், இன்ஜின் வெறும் கம்ப்ரஸராக மாறி வண்டியின் வேகத்தைத் தின்னும். 1961-ல் இதைத் தயாரித்து விற்றது ஜேக்கப்ஸ் கம்பெனி. நம்ம ஒர்க்‌ஷாப் டிரில் சக்குக்குப் பேர் போன அதே ஜேக்கப்ஸ்தான்! கம்மின்ஸ் 1968-ல் மறைந்தார்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. நம்ம ஊர் சமதரை. அரியாங்குப்பம் பாலம்தான் எங்களுக்குப் பெரிய மேடு. இங்கே ஓட்டக் கற்ற பசங்க நேரா ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுக்குப் போறாங்க. இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுறவங்களும் இருக்காங்க. இப்போதைய இன்ஜின்களில் கியரில் இறங்கும்போதுதான் எரிபொருள் அடியோடு நிற்கும். நியூட்ரலில் ஐடிலுக்குச் செலவாகிக்கொண்டேதான் இருக்கும்.

ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் இல்லையே, என்ன செய்வது? 'டி'யிலேயே விட்டால் பல கார்கள் மேல் கியருக்கே போகும், வண்டி உருளும். இறக்கம் தொடங்குமுன் வேகத்தைக் குறைத்து, லீவரை '2' அல்லது 'எல்'லுக்கு மாற்ற வேண்டும். மேனுவல் மோடு இருந்தால் மைனஸ் பக்கம் ஒவ்வொரு கியராக இறக்கலாம். இன்ஜின் உறுமும், பயப்பட வேண்டாம். பிரேக்கை மிதித்தே வைக்காமல், அழுத்தி வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் பிரேக் ஆறும்.

– இரண்டாம் ஆண்டு டிப்ளமோ மாணவன், வீராம்பட்டினம்