வில்லியம் ஸ்டில்: ஓடிவந்தோர் சரிதம் எழுதிய குமாஸ்தா

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சரித்திரத்தைக் கற்கும் நம் கலாசாலை மாணாக்கர், அடிமைத்தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனை நன்கறிவர். ஹாரியட் டப்மன் என்னும் வீரமங்கையின் பெயரையும் கேட்டிருப்பர். அவர்கள் காலத்திலேயே பிலடெல்பியா நகரத்து அலுவலகமொன்றில் மேசைமுன் அமர்ந்து, தென்னாட்டினின்று தப்பி ஓடிவந்தவர்களை அருகிருத்தி, அவரவர் வாழ்க்கை வரலாற்றை வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைத்த ஒருவர் இருந்தார். வில்லியம் ஸ்டில் என்னும் அப்பெரியார் தம் நாட்டில் புகழ்பெற்றவரே எனினும், நம்மிடையே அவரைப்பற்றிய பேச்சு அரிதாகவே இருக்கிறது.

அவர் 1821-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7-ஆம் தேதி நியூ ஜெர்ஸி மாகாணத்தில், ஓர் ஏழைக் குடியானவரின் பதினெட்டு மக்களுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை லெவின் என்பவர் மேரிலாந்து மாகாணத்தில் அடிமையாயிருந்து, உழைத்துப் பொருளீட்டித் தம்மைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டு வடக்கே வந்தவர். தாயாகிய சிட்னிக்கோ அந்த வழி திறக்கவில்லை. அவர் நான்கு குழந்தைகளுடன் ஒருமுறை ஓடிவந்து பிடிபட்டார். மறுமுறை ஓடத் துணிந்தபோது நால்வரையும் சுமந்து செல்வது ஆகாத காரியம் என்று கண்டார். எட்டும் ஆறுமாக வயதுடைய இரு ஆண்மக்கள் உறங்கிக்கொண்டிருந்த படுக்கையருகே சென்று முத்தமிட்டு, அவர்களைக் கடவுள் கையில் ஒப்புவித்துவிட்டு, இரு பெண்குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு இருளில் புறப்பட்டார். கணவரை அடைந்த பின், பிடிப்போர் அறியாவண்ணம் ஸ்டீல் என்னும் குடும்பப் பெயர் ஸ்டில் என்றும், சிட்னி என்னும் பெயர் சாரிட்டி என்றும் மாறின. விட்டுவந்த சிறுவர் இருவரும் தொலைவிலுள்ள கெண்டக்கிக்கும், பின்னர் அலபாமாவுக்கும் விற்கப்பட்டனர். வில்லியம் பிறப்பதற்கு முன்னரே நடந்த இச்செய்தி, அவ்வீட்டில் ஆறாத புண்ணாக இருந்து வந்தது.

பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது சொற்பம். வயல்வேலைக்கிடையே தாமாகவே படித்தார். 1844-இல் பிலடெல்பியா சேர்ந்து, கிடைத்த வேலைகளைச் செய்து, 1847-இல் பென்ஸில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் அலுவலகத்தில் அமர்ந்தார். வாரச் சம்பளம் மூன்றே முக்கால் டாலர். இடம் பெருக்குவதும் கடிதம் எழுதுவதும் ஒருங்கே அவர் பணியாக இருந்தன. அவ்வலுவலகம் நிலத்தடி இருப்புப்பாதை என்று பெயர்பெற்ற இரகசிய வழியின் முக்கிய நிலையங்களுள் ஒன்று. அதில் தண்டவாளமும் இல்லை, புகைவண்டியும் இல்லை. அடிமைகளை வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மறைத்து அனுப்பி வட மாகாணங்களிலும் கானடாவிலும் சேர்ப்பித்த மனிதர்களின் தொடர்ச்சிக்கே அப்பெயர் வழங்கிற்று.

1850-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், ஏறத்தாழ ஐம்பது வயதுள்ள ஒரு புதியவர் அலுவலகத்துக்கு அழைத்து வரப்பட்டார். அலபாமாவில் யூத வணிகர் ஒருவரின் நல்லெண்ணத்தால், தாம் சேர்த்த பணத்தைக்கொண்டே விடுதலைபெற்று வந்தவர் அவர். பெயர் பீட்டர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தாய் தந்தையரைத் தேடி வந்திருப்பதாகக் கூறினார். ஊரின் பெயர் அவருக்குத் தெரியாது. பெற்றோரின் குடும்பப் பெயரும் தெரியாது. தந்தை லெவின், தாய் சிட்னி, உடன்பிறந்தவனும் லெவின் என்பவையே அவர் நினைவில் எஞ்சியிருந்தன. அண்ணன் லெவின் அலபாமாவிலேயே கசையடியின் கொடுமையால் மாண்டுபோனான்.

வழக்கம்போல் கேள்விகளைத் தொடங்கிய வில்லியம், ஒவ்வொரு விடையையும் கேட்கக் கேட்கத் திகைத்தார். உடனே ஒன்றும் சொல்லவில்லை. மேலும் மேலும் வினவி ஐயமறத் தெளிந்த பின்னரே, எதிரில் இருப்பவர் தம் உடன்பிறந்த அண்ணன் என்பதை வெளியிட்டார். பீட்டர் அதனை எளிதில் நம்பவில்லை. வஞ்சகர் பலரைக் கண்ட அவர், தம்மை மீண்டும் விற்பதற்கு விரித்த வலையோ என்று அஞ்சினார். சகோதரியர் வீட்டுக்குச் சென்று, பின்னர் நியூ ஜெர்ஸியில் எண்பது வயதை எட்டியிருந்த தாயின் முகத்தைக் கண்டபோதுதான் அவ்வச்சம் நீங்கிற்று. தந்தை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோயிருந்தார்.

ஒரு பெயரும் இரண்டு நினைவும் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்தன என்றால், எழுதப்படாமற்போன எத்தனை பெயர்கள் எத்தனை குடும்பங்களைச் சேர்த்திருக்கும்! இவ்வெண்ணமே ஸ்டிலைத் தூண்டியது. அதுமுதல் வந்தவர் ஒவ்வொருவரின் வரலாற்றையும் வழுவாமல் எழுதலானார். 1852 டிசம்பரில் விழிப்புக் குழு புதிதாக அமைக்கப்பட்டபோது அதன் காரியங்களை நடத்தும் தலைமை அவருக்கு வந்தது. ஏறத்தாழ எண்ணூறு பேர் அவர் உதவியால் விடுதலை எய்தினர் என்பர்.

அவர் கேட்ட கேள்விகள், நாம் கலாசாலையிற் சேரவந்த நாளில் குமாஸ்தா கேட்டவற்றைப் போலவே முதலில் தோன்றும்: பெயர், வயது, உயரம், நிறம், ஊர். பின்னவையே வேறானவை. எஜமானன் யார், அவன் குணம் எத்தகையது? ஏன் ஓடினீர்? எவ்வழியாக வந்தீர்? பின்னால் விட்டுவந்தவர் யார் யார்? இனி என்ன பெயர் பூணப்போகிறீர்? பழைய பெயரையும் புதிய பெயரையும் அருகருகே எழுதிவைத்தமையே அந்நோட்டுப் புத்தகத்தின் உயிர்நிலை. உணவுக்கும் வண்டிக்கும் செலவான தொகையும் பக்கத்திலேயே காணப்படும். 1854 டிசம்பர் இறுதியில் ஹாரியட் டப்மன் தம் சகோதரர்களை அழைத்துவந்தபோது, ராஸ் என்னும் குடும்பப் பெயரை விட்டு அவர்கள் ஸ்டூவர்ட் என்று மாறியதும் இவ்வாறே பதிவாயிற்று.

1849-இல் ரிச்மண்ட் நகரினின்று ஹென்றி பிரவுன் என்பவர் மூன்றடி நீளமுள்ள மரப்பெட்டிக்குள் தம்மை அடைத்துக்கொண்டு, சரக்கோடு சரக்காய்ப் பிலடெல்பியா வந்து சேர்ந்தார். வழியில் பெட்டியைத் தலைகீழாகவும் வைத்துவிட்டனர். அதனைத் திறந்தபோது அருகிருந்தவருள் ஸ்டிலும் ஒருவர். 1855 நவம்பரில் பதினைந்து வயதுள்ள மரியா வீம்ஸ் என்னும் சிறுமி, வண்டியோட்டும் பையன் வேடத்தில் வந்து அவர் வீட்டிலேயே தங்கினாள். இவர்களின் துணிவையும் அறிவையும் எழுதுகையில் ஸ்டில் மிகைப்படுத்துவதில்லை. படிப்போர் சிலருக்கு அவர் நடை வறட்சியாகத் தோன்றலாம். சாட்சி கூறுபவனுக்கு அலங்காரம் தகாது என்பது என் கருத்து.

எழுதுவதில் ஆபத்தும் இருந்தது. 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓடிவந்த அடிமைக்கு உதவுவோருக்கு ஆயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அப்புத்தகம் அதிகாரிகள் கையில் சிக்கினால், ஸ்டிலுக்கு நேரும் தீங்கு ஒருபுறம் இருக்க, பெயர் மாற்றி ஒளிந்து வாழும் நூற்றுக்கணக்கானோர் காட்டிக்கொடுக்கப்படுவர். எழுதாவிடிலோ தாயும் மகனும் என்றென்றும் ஒருவரையொருவர் காணார். இவ்விரண்டுக்குமிடையே நின்று அவர் எழுதுவதையே தேர்ந்தார். ஏடுகளை ஒரு காலத்தில் லெபனான் கல்லறைத் தோட்டத்துக் கட்டடத்தில் மறைத்துவைத்ததாக அறிகிறோம்.

1855-இல் அவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். நிகரகுவா நாட்டுக்குத் தூதராகச் சென்ற ஜான் வீலர் என்பவர், ஜேன் ஜான்ஸன் என்னும் பெண்ணையும் அவள் இரு மக்களையும் பிலடெல்பியா வழியே அழைத்துச் சென்றார். ஸ்டிலும் பாஸ்மோர் வில்லியம்ஸன் என்னும் வெள்ளையரும் கப்பலிலேயே ஏறி, அம்மாகாணச் சட்டப்படி அவள் சுதந்தரமானவள் என்பதை அவளிடம் எடுத்துரைத்து, மூவரையும் கரையிறக்கினர். வில்லியம்ஸன் மூன்று மாதத்துக்கு மேல் சிறையிருந்தார். ஸ்டில்மீது நடந்த வழக்கிலோ, பிடிபடும் அபாயத்தையும் பொருட்படுத்தாது அப்பெண்ணே நீதிமன்றத்தில் தோன்றித் தன் விருப்பப்படியே வந்ததாகச் சாட்சி கூறினாள். ஸ்டில் விடுதலை பெற்றார்.

பீட்டரின் கதை இன்னும் முடியவில்லை. அவர் மனைவி வினாவும் மூன்று மக்களும் அலபாமாவில் அடிமைகளாகவே இருந்தனர். 1851-இல் ஸெத் காங்க்லின் என்னும் வெள்ளையர் கூலி வேண்டாது அவர்களை மீட்கச் சென்று, ஆற்றுவழியே இந்தியானா வரை கொண்டுவந்தார். அங்கே அனைவரும் பிடிபட்டனர். சில நாட்களில் காங்க்லின் ஒகையோ நதியில் பிணமாகக் காணப்பட்டார். பின்னர் பீட்டர் ஊர் ஊராகச் சென்று தம் வரலாற்றைக் கூறி, ஐயாயிரம் டாலர் திரட்டி, 1854-இல் அவர்களை விலைகொடுத்தே மீட்டார்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பின்னரே ஏடுகள் வெளிச்சம் கண்டன. 1872-இல், ஏறத்தாழ எண்ணூறு பக்கங்களில், நிலத்தடி இருப்புப்பாதை என்னும் பெயரோடு நூல் வெளிவந்தது. ஸ்டில் முகவர்களை அமர்த்தி வீடுதோறும் விற்பித்தார். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியிலும் அது வைக்கப்பட்டது. வெள்ளையர் சிலர் எழுதிய இத்தகைய நூல்களில் உதவி செய்தவரே தலைவராக நிற்பர். ஸ்டிலின் நூலிலோ ஓடிவந்தவரே தலைவர்.

அந்நூலில் ஒரு செய்தியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பீட்டரின் வரலாற்றைக் கேட் பிக்கார்டு என்னும் அம்மையார் 1856-இல் அச்சிட்டபோது, அவர் சிறுவயதில் களவாடப்பட்டவர் என்றே அது கூறிற்று. தாய் ஓடிவந்தவர் என்று வெளியானால் சட்டப்படி அவர் இன்னும் அடிமையே; முதுமையிலும் பிடித்துச் செல்லப்படலாம். தாயும் மறைந்து, அடிமைச் சட்டமும் மறைந்த பின்னர், உறங்கும் பிள்ளைகளை முத்தமிட்டுப் பிரிந்த அவ்விரவை ஸ்டில் உள்ளபடி எழுதினார். தாயின் மீது பழி வருமோ என்று அவர் மறைக்கவில்லை.

பிற்காலத்தில் அவர் நிலக்கரி வாணிகத்தில் செல்வரானார். கறுப்பினத்தாரை டிராம் வண்டிகளில் ஏற்றாத வழக்கத்தை எதிர்த்து 1859-இல் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினார். 1867-இல் அதனை விலக்கும் சட்டம் பிறந்தது. மகள் கரோலைன் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணிகளுள் ஒருவரானார். ஸ்டில் 1902-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14-ஆம் தேதி பிலடெல்பியாவில் காலமானார். அவர் கைப்பட எழுதிய பதிவேடு அந்நகரத்துப் பென்ஸில்வேனியா சரித்திரச் சங்கத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. தம் முன்னோரின் பழைய பெயரைத் தேடுவோர் இன்றும் அதன் பக்கங்களைப் பார்க்கின்றனர்.