காற்றா, தண்ணீரா? ஹோண்டா தாத்தாவின் அலுமினிய எஞ்சின்



நம்ம சுவர்ப் பத்திரிகையில் பாரதியார், காமராஜர், கல்பனா சாவ்லா எல்லாரும் வந்துட்டாங்க. இந்தத் தடவை நான் ஒரு மெக்கானிக்கைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க. அவர் பெயரை நீங்க எல்லாரும் படிச்சிருக்கீங்க. நம்ம ஊர்ல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கிற பழைய ஹீரோ ஹோண்டா வண்டிகளோட பெட்ரோல் டேங்கைப் பாருங்க. அதுல ஹோண்டா என்பது ஒரு ஊர்ப் பெயர்னுதான் நான் ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். சொய்சிரோ ஹோண்டா.

இவரைப் பற்றி எழுதத் தோணினதுக்குக் காரணம் எங்க மாமாவோட ஜீப். போன கோடையில் மலைக் கிராமத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போகும்போது எஞ்சின் கொதிச்சு ஆவி பறந்தது. ரேடியேட்டர் ஒழுகுது, மலை ஏற வேண்டாம்னு மாமாகிட்ட வேலை பார்க்கிற அண்ணன் முதல் நாளே சொல்லியிருக்கார். முப்பது வருசமா ஜீப் ஓட்டுறவனுக்கு நீ சொல்லித் தர்றியான்னு மாமா அவரைத் திட்டிட்டார். நடு ஏத்தத்துல வண்டி நின்னதும், கோபத்துல ஓடைத் தண்ணியை அள்ளிக் கொதிக்கிற எஞ்சின் மேலயே ஊத்திட்டார். சூடா இருந்த வார்ப்பிரும்பு பிளாக் சடக்குனு விரிசல் விட்டுருச்சு. ரெண்டு மாசம் ஜீப் ஓடல. அம்மாச்சியோட கம்மல் அடகுக் கடைக்குப் போச்சு.

எஞ்சின் பிளாக்னா என்னன்னு எனக்கு அப்பதான் தெரியும். பிஸ்டன் மேலும் கீழும் போய் வர்ற உருளைகள் எல்லாம் சேர்ந்த பெரிய வார்ப்புக் கட்டிதான் பிளாக். அதை இரும்பிலும் வார்க்கலாம், அலுமினியத்திலும் வார்க்கலாம். எது நல்லதுன்னு அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஹோண்டாவைப் பற்றிப் படிக்கச் சொன்னார்.

ஹோண்டா 1906-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி ஜப்பானில் ஹமமட்சு நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா கொல்லர். கொல்லுப்பட்டறையோடு சைக்கிள் ரிப்பேரும் பார்த்தார். அம்மா நெசவு செய்வார். நம்ம ஊர்க் குடும்பம் மாதிரியே இருக்குல்ல?

சின்னப் பையனா இருக்கும்போது அந்தக் கிராமத்துக்கு முதல் தடவையா ஒரு ஃபோர்டு கார் வந்தது. பையன் அது பின்னாலயே ஓடினான். கார் நின்ன இடத்தில் ஆயில் சொட்டிக் கிடந்தது. மண்ணில் முகத்தை வச்சு அந்த வாசனையை மோந்து பார்த்து, கையிலயும் பூசிக்கிட்டானாம். 1917-இல் ஆகாய விமானக் காட்சி நடந்தபோது அப்பாவுக்குத் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனான். டிக்கெட்டுக்குக் காசு பத்தல. பக்கத்தில் இருந்த பைன் மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தான்.

1922-இல், 15 வயசுல, டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்ற கார் ரிப்பேர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கார்ல கை வைக்கலாம்னு ஆசையாப் போனவருக்கு முதலாளியோட குழந்தையைப் பார்த்துக்கிற வேலைதான் பல மாசம் கிடைச்சது. (நம்ம வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு இது புதுசில்லை.) அப்புறம்தான் தொழில் கத்துக்கிட்டார். 1928-இல் ஹமமட்சுவில் அதே பட்டறையின் கிளையைத் தொடங்கினார். 1936-இல் கார்ப் பந்தயத்தில் விபத்தாகிப் பலத்த காயம் பட்டது.

ரிப்பேர் பார்த்தது போதும், பொருளே செய்யலாம்னு 1937-இல் பிஸ்டன் ரிங் செய்ய இறங்கினார். பிஸ்டனைச் சுத்தி இருக்கிற வளையம்தான் அது. செஞ்ச ரிங் எதுவும் உருப்படியா வரல. காரணம் கேட்டுப் போன இடத்தில், வார்ப்பில் சிலிக்கன் குறைவா இருக்குன்னு ஒரு பேராசிரியர் கண்டுபிடிச்சுச் சொன்னார். கொல்லர் மகனா இருந்தும் உலோகம் பற்றித் தனக்கு ஒண்ணும் தெரியலையேன்னு வெட்கப்பட்டு, முப்பது வயசுக்கு மேல தொழில்நுட்பப் பள்ளியில் போய் உட்கார்ந்தார். தனக்கு வேண்டிய பாடத்தை மட்டும் கவனிப்பார், பரீட்சை எழுத மாட்டார். அதனால் சான்றிதழ் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அவர் கவலைப்படவே இல்லை. (ஆசிரியர்களே, இதை நாங்க யாரும் பின்பற்ற மாட்டோம்.) ஒரு தடவை டொயோட்டா கம்பெனி 50 ரிங்கைச் சோதிச்சுப் பார்த்து 3-ஐ மட்டும்தான் ஏத்துக்கிச்சு. அதுக்கு அப்புறமும் விடாமல் செஞ்சு தேறினார்.

இரண்டாம் உலகப் போரில் ஒரு தொழிற்சாலை குண்டு விழுந்து போச்சு. 1945-இல் வந்த பூகம்பத்தில் இன்னொண்ணு இடிஞ்சது. மிச்சத்தை டொயோட்டாவுக்கு வித்துட்டார். 1946-இல் ராணுவம் ரேடியோவுக்கு வச்சிருந்த சின்ன எஞ்சினைச் சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டேங்குக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற குடுவை. ஓட்டிப் பார்த்தது அவரோட மனைவி. 1948 செப்டம்பர் 24-இல் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. அடுத்த வருசம் டகேயோ ஃபுஜிசவா என்பவர் கூட்டாளியாச் சேர்ந்தார். எஞ்சின் இவர் பொறுப்பு, பணமும் விற்பனையும் அவர் பொறுப்பு. 1958-இல் வந்த சூப்பர் கப் வண்டி 2017-க்குள்ள 10 கோடிக்கு மேல தயாராச்சு. 1961-இல் ஐல் ஆஃப் மேன் என்ற பெரிய பந்தயத்திலும் ஜெயிச்சாங்க.

இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. இனிமே வர்றதுதான் எனக்குப் பிடிச்ச இடம்.

1963-இல் எஸ் 500 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. 531 சிசி எஞ்சின்தான், ஆனா நிமிசத்துக்கு 8000 சுத்து சுத்தி 44 குதிரைசக்தி கொடுத்தது. அது தண்ணீரால் குளிர்கிற எஞ்சின். ஆனால் ஹோண்டாவுக்கு மனசுக்குள்ள வேற கணக்கு இருந்தது. தண்ணி எஞ்சினைக் குளிர வைக்குது, அந்தத் தண்ணியை ரேடியேட்டரில் காத்துதான் குளிர வைக்குது. கடைசியில் வேலை பார்க்கிறது காத்துன்னா நடுவுல தண்ணி எதுக்கு? தண்ணி இல்லைன்னா ஒழுகாது, கொதிக்காது, உறையாது. யோசிச்சா சரியாத்தான் தெரியுது. எங்க மாமா கேட்டா கட்டிப் பிடிச்சிருப்பார்.

இதுக்கு ஏத்த உலோகம் அலுமினியம். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு சுமார் 7.9 கிராம், அலுமினியம் 2.7 கிராம்தான். இரும்பைவிடச் சுமார் மூணு மடங்கு நல்லாச் சூட்டைக் கடத்தும். வீட்ல பாருங்க, அடுப்பில் இருந்து இறக்கின இரும்புத் தோசைக்கல்லில் அடுத்த தோசைகூட வேகும், மெல்லிசான அலுமினியச் சட்டி கொஞ்ச நேரத்துலயே ஆறிடும். ஆனா குறையும் உண்டு. அலுமினியம் மெதுவானது. ரிங் உரசி உரசித் தேஞ்சிடும். அதனால் பல எஞ்சின்களில் உருளைக்குள்ள இரும்புக் குழாய் ஒண்ணைச் செருகி வைக்கிறாங்க. சூட்டில் இரும்பைவிட அதிகமா விரியும். ரொம்பச் சூடேறினா நெளிஞ்சிடும். அதாவது அலுமினிய பிளாக் எடுத்தா, சூட்டை எப்படி வெளியேத்தப் போறோம்னு முதலிலேயே முடிவு பண்ணியாகணும்.

ஹோண்டா முடிவு பண்ணினார், காத்துன்னு. 1968-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கும் காத்தால் குளிர்கிற எஞ்சின் வச்ச ஒரு கார் செய்ய வச்சார். அதன் உடல் மெக்னீசியம். அதை ஓட்டிப் பார்த்த வீரர் ஜான் சர்டீஸ் இது ஆபத்து, ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டார். பிரான்சில் ரூவான் நகரில் ஜூலை 7-ஆம் தேதி ஜோ ஷ்லெசர் என்ற வீரர் ஓட்டினார். கார் மோதித் தீப்பிடிச்சு அவர் இறந்துட்டார். இதைப் படிச்சப்ப புத்தகத்தை மூடி வச்சுட்டேன். மறுநாள்தான் மேற்கொண்டு படிச்சேன்.

அதுக்கப்புறமும் அவர் மாறல. 1969-இல் ஹோண்டா 1300 என்ற தெருவில் ஓட்டுற கார் விற்பனைக்கு வந்தது. 1298 சிசி அலுமினிய எஞ்சின், 100 குதிரைசக்தி. இன்னொரு வகையில் 115. அந்தக் காலத்தில் அந்த அளவுக் காருக்கு இது ரொம்ப அதிகம். பிளாக்கை ரெட்டைச் சுவரா வார்த்து, நடுவில் விசிறியால் காத்தை ஓட்டினாங்க. எவ்வளவு சிரமப்பட்டு வார்த்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க.

ஆனா கார் சரியா அமையல. பைக்கில் ஒரே உருளை, அது வெளியே காத்தில் நிற்கும். சுத்தி இருக்கிற துடுப்புத் துடுப்பான தகடுகள் சூட்டை விட்டுடும். காரில் நாலு உருளை வரிசையா, மூடின பெட்டிக்குள்ள. அங்க காத்து போய்ச் சேர்றதே கஷ்டம். அதுக்காக விசிறி, ரெட்டைச் சுவர், தனி ஆயில் டேங்க்னு சேர்த்துச் சேர்த்து எஞ்சின் கனத்துப் போச்சு. எடை குறையணும்னுதானே அலுமினியம் எடுத்தது? முன்பக்கம் பாரமாகி முன் டயர் சீக்கிரம் தேஞ்சது. விலையும் கூடிப் போச்சு. விற்பனை அவர் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

இளம் பொறியாளர்களுக்கு இது முன்னாடியே தெரியும். காத்து நச்சுப் புகையைக் குறைக்கணும்னு சட்டம் வரப் போகுது, எஞ்சின் சூடு ஒரே அளவா இருந்தாத்தான் புகையைக் கட்டுப்படுத்த முடியும், அதுக்குத் தண்ணிதான் வேணும்னு சொன்னாங்க. அவர் கேட்கல. கோபம் வந்தா கையில் இருக்கிற ஸ்பானரைத் தூக்கி எறியிற மனுசர் அவர். தடாஷி குமே என்ற பொறியாளர் மனசு ஒடிஞ்சு கொஞ்ச நாள் வேலைக்கே வரல.

கடைசியில் அவங்க ஃபுஜிசவாகிட்ட போனாங்க. ஃபுஜிசவா ஹோண்டாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இந்தக் கம்பெனியில் நீங்க தலைவரா இருக்கப் போறீங்களா, பொறியாளரா இருக்கப் போறீங்களா? ஹோண்டா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தலைவரா இருக்கிறதுதான் சரின்னு சொன்னார். தண்ணி எஞ்சின் செய்ய அனுமதி கொடுத்தார். தான் கொல்லுப்பட்டறையில் ஆரம்பிச்சுக் கத்துக்கிட்ட தொழிலில், தன்னைவிடச் சின்னவங்க சொன்னது சரின்னு ஒத்துக்கிறது எவ்வளவு கஷ்டம்! எங்க மாமா இன்னும் ஒத்துக்கல.

1972-இல் சிவிக் கார் வந்தது, தண்ணி எஞ்சினோடு. அதே வருசக் கடைசியில் சிவிசிசி என்ற அவங்க எஞ்சின், அமெரிக்காவின் கடுமையான புகைச் சட்டத்தைத் தாண்டினது. பெரிய கம்பெனிகளை முந்திட்டோம்னு ஹோண்டா சந்தோசப்பட்டார். ஆனால் கம்பெனிக்காக இல்லை, குழந்தைகள் நல்ல காத்தைச் சுவாசிக்கணும்னு செஞ்சோம்னு அந்த இளைஞர்கள் சொன்னாங்க. அதைக் கேட்டு அவருக்கு வெட்கமாப் போச்சாம். 1973-இல், 66 வயசுல, அவரும் ஃபுஜிசவாவும் ஒண்ணா ஓய்வு எடுத்துக்கிட்டாங்க. வேலைக்கு வராமல் போன குமே 1983-இல் அதே கம்பெனிக்குத் தலைவரானார்.

ஓய்வுக்கு அப்புறம் ஹோண்டா ஜப்பான் முழுக்க இருந்த தன் கம்பெனிக் கிளைகளுக்குப் போய் வேலையாட்களின் கையைப் பிடிச்சு நன்றி சொன்னார். ஒரு மெக்கானிக் கையெல்லாம் ஆயிலா இருக்குன்னு பின்னால இழுத்துக்கிட்டார். ஹோண்டா விடாமல் அந்தக் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு, தன் கையில் ஒட்டின ஆயிலை மோந்து பார்த்தாராம்.

1990-இல் என்எஸ்எக்ஸ் என்ற வேகக் கார் வந்தது. அதுக்கு உடம்பும் அலுமினியம், எஞ்சின் பிளாக்கும் அலுமினியம், உள்ளே இரும்புக் குழாய், குளிர வைக்கத் தண்ணி. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார். 1991 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இறந்தார். பெரிய இறுதி ஊர்வலம் வச்சா ரோட்டில் வண்டிகள் நின்னு மத்தவங்களுக்குத் தொந்தரவு ஆகும், வேண்டாம்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தார்.

மாமா ஜீப் இப்ப பழைய பிளாக் ஒண்ணு வாங்கி மாட்டி ஓடுது. கம்மலையும் தீபாவளிக்கு முன்னால மீட்டாச்சு. விரிசல் விட்ட பிளாக் எங்க வீட்டுக் கொல்லையில் இலவ மரத்தடியில் கிடக்கு. பார்க்கணும்னு ஆசை இருந்தா சனி, ஞாயிறுல வாங்க. விரிசல் எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு காட்டுறேன். கனமா இருக்கும், தனியாத் தூக்க முடியாது.

– 9-ஆம் வகுப்பு மாணவி, வருசநாடு